பந்தயக் கார் ஓவியம்

மோட்டார் பந்தயத்தின் வரலாற்றை, அதிலும் சக்கரங்கள் மூடப்படாத ஒற்றை இருக்கைக் கார்களின் பந்தய வரலாற்றைப் பொருளாகக் கொண்ட ஓவியக் கலை. நம் ஊரில் ‘ஃபார்முலா கார்’ என்று சொல்லப்படும் இவ்வகைக் காரில் நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நிற்கும். மேற்கூரை கிடையாது என்பதால் ஓட்டுபவரும் கண்ணில் படுவார். ஓவியர்கள் நூறாண்டுக்கு மேலாக இந்தக் காரை விட்டு நீங்காததற்கு இவ்விரண்டுமே காரணம். சுழலும் சக்கரத்தை அசையாத தாளில் எப்படிச் சுழலவைப்பது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே இக்கலையின் வரலாறு முழுவதும் புலப்பட்டுவிடும்.

ஊர்ந்து செல்வதையும் ஏறிச் செல்வதையும் வரைந்து வைக்கும் ஆசை மிகப் பழையது. விழுப்புரத்துக்கு மேற்கே கீழ்வாலைப் பாறைகளில் செங்காவியால் தீட்டிய உருவங்களிடையே விலங்கின் மேல் அமர்ந்த மனிதன் உண்டு. ஆனால் அங்கே வேகம் இல்லை, பயணம் மட்டுமே இருக்கிறது. வேகத்தையே வரையவேண்டிய தேவை மோட்டாரோடு வந்தது. 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயம் நடந்தது. 1906இல் லெ மான் நகரில் முதல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயை ரெனோ காரில் ஃபெரென்ஸ் சிஸ் வென்றார். அக்காலக் கேமராக்களால் இந்த ஓட்டத்தைத் தெளிவாகப் பிடிப்பது அரிதாக இருந்ததால், ரசிகர்களின் பசியை ஓவியர்களே தீர்த்தார்கள்.

அவர்களில் முதன்மையானவர் பிரான்சின் எர்னெஸ்ட் மோந்தோ. படத்தைக் கல்லச்சில் எடுத்து, வெட்டுத்தகடு வைத்துக் கையால் வண்ணம் ஏற்றுவது அவர் முறை. அவர் கார்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். வட்டமான சக்கரம் முட்டை வடிவில் முன்பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் புழுதி எழும், காற்றைக் கோடுகள் கிழிக்கும். இன்று சித்திரக்கதை படிக்கும் குழந்தைக்கும் பழகிப்போன வேகக் கோடுகளைப் பரப்பியவர்களில் அவர் முன்னோடி. 1909இல் அவர் மறைந்தார். சில ஆண்டுகள் கழித்து, ழாக் ஆன்ரி லார்த்தீக் எடுத்த புகழ்பெற்ற பந்தயப் புகைப்படத்தில் சக்கரம் அதேபோல் சாய்ந்து விழுந்திருந்தது. கேமராவின் திரைப்பிளவு காட்சியைத் துண்டு துண்டாகப் பதிவதற்குள் சக்கரம் நகர்ந்துவிட்டதே அதற்குக் காரணம். கண்ணுக்கு ஒருபோதும் தெரியாத அந்தச் சாய்வை, புகைப்படம் புகழ்பெறும் முன்பே ஒரு கை வரைந்து வைத்திருந்தது என்பது இக்கலையின் ஆகப்பெரிய வியப்பு.

எதிர்காலவாதிகள் எனப்பட்ட இத்தாலியக் கலை இயக்கத்தினர் இன்னொரு வழியில் போனார்கள். 1909இல் வெளியான, அவர்களில் ஒருவரான மரினெட்டியின் அறிக்கை பந்தயக் காரைப் பழைய கிரேக்கச் சிற்பத்துக்கு மேலாக வைத்தது. லூயிஜி ருசோலோவும் ஜாக்கோமோ பாலாவும் 1912, 1913ஆம் ஆண்டுகளில் காரை உடைத்துக் கோணங்களாகவும் அலைகளாகவும் ஆக்கினர். அந்த ஓவியங்களில் எந்தக் கார், யார் ஓட்டினார் என்பதெல்லாம் இல்லை. வரலாற்றைப் போற்றும் ஓவியத்துக்கு அவை விட்டுச்சென்றது துணிச்சலை மட்டுமே.

பின்வந்தவர்கள் கையாண்ட உத்தியை நம் மண்ணிலேயே பார்க்கலாம். திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்தால் சாலையோர மரங்கள் உருவம் கலைந்து பின்னே ஓடும். தொலைவில் செஞ்சிக் குன்றுகள் அசையாமல் நிற்கும். பக்கத்தில் இருப்பதைக் கலைத்து, தொலைவில் இருப்பதை நிறுத்தி, நடுவில் காரைக் கூர்மையாக வைத்தால் பார்ப்பவருக்கு வேகம் தானாகப் புலப்படும். 1930களில் மொனாக்கோ பந்தயத்துக்குச் சுவரொட்டிகள் தீட்டிய ழியோ ஹாம் இதில் தேர்ந்தவர். இயற்பெயர் ழோர்ழ் ஹாமெல் (1900–1972). இங்கிலாந்தில் ‘ஆட்டோகார்’ வார இதழுக்காக ஃபிரெடெரிக் கார்டன் கிராஸ்பி (1885–1943) கரியாலும் வண்ணத்தாலும் வரைந்தவை, பந்தயத்தை நேரில் காணாத வாசகருக்கு அதன் மழையையும் புகையையும் கொண்டுசேர்த்தன. ஜாகுவார் காரின் பாயும் விலங்குச் சின்னத்தை வடித்தவரும் அவரே.

நிறமும் அன்று ஓவியரின் பக்கம் நின்றது. பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை என்று நாட்டுக்கொரு வண்ணம் இருந்தது. 1934இல் 750 கிலோ எடை வரம்பைத் தொட மெர்சிடஸ் குழு வெள்ளை வண்ணத்தைச் சுரண்டி எடுத்ததாகவும், அதனால் வெள்ளி நிறம் பிறந்ததாகவும் ஒரு கதை உண்டு. வரலாற்றாசிரியர் பலர் அதை ஏற்பதில்லை. ஆனாலும் வானத்தையும் சாலையையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அந்த வெள்ளி உடல், ஜெர்மானிய ஓவியர் வால்டர் காட்ஷ்கே போன்றவர்களுக்குப் பெரும் கொடையானது.

1968இல் லோட்டஸ் அணி சிகரெட் நிறுவனத்தின் வண்ணங்களைப் பூசிக்கொண்டபின் நாட்டு வண்ணங்கள் மங்கின. காரின் மேல் எழுத்துகள் ஏறின. இந்த மாற்றத்தின் இருபுறமும் நின்று வரைந்தவர் 1934இல் பிறந்த மைக்கேல் டர்னர். ஆண்டி வார்ஹோல் 1986இல் மெர்சிடஸுக்காகத் தொடங்கிய கார் வரிசைப் படங்கள் 80ஐ எட்ட வேண்டியவை. 1987இல் அவர் இறந்தபோது 49 முடிந்திருந்தன. 2018 முதல் ஃபார்முலா ஒன் காரில் ஓட்டுநர் தலைக்கு மேல் ‘ஹேலோ’ என்னும் பாதுகாப்பு வளைவு வந்தது. உயிரைக் காக்கும் அந்த வளைவை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் கண்காப்புக் கண்ணாடி, இறுகிய வாய், வெளியே துருத்திய முழங்கை என்று மனிதனை வரைந்த ஓவியருக்கு இன்று தலைக்கவசத்தின் ஒரு பகுதியே மிஞ்சுகிறது. அதனால்தான் பந்தய ஓவியர் பலர் இன்றும் பழைய பந்தயங்களையே திரும்பத் திரும்ப வரைகிறார்கள் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டுப் பந்தய வரலாற்றிலும் வரையத்தக்கவை நிறைய. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான தடம் அமைந்தது. கோவையின் கரிவர்தன், மாருதி என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ஃபார்முலா கார் கட்டி, பணக்காரர் அல்லாத இளைஞர்களுக்கும் வழி திறந்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையம் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார். அவ்வாண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில், டயர் பாதுகாப்புச் சிக்கலால் 14 கார்கள் அறிமுகச் சுற்றோடு விலகிவிட்டன. தொடக்கக் கோட்டில் ஆறே கார்கள். பெரும்பகுதி வெறுமையாய்க் கிடந்த தார்ச்சாலை, கூச்சலிடும் கூட்டம், நடுவே ஜோர்டான் அணியின் மஞ்சள் காரில் அவர். பந்தயம் முடிந்தபோது நான்காவது இடம் அவருடையது.