ஒப்புதல்

குற்றஞ்சாட்டப்பட்டவர் காவலரிடம் சொன்னதையும் நீதிபதி முன் ‘குற்றம் செய்தேன்’ என்றதையும் செய்தித்தாள்கள் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்றே எழுதுகின்றன. முன்னது பெரும்பாலும் சான்றாகாது; பின்னதால் சாட்சி விசாரணையே இன்றித் தண்டனை வரலாம். இவ்வளவு தொலைவில் நிற்கும் இரண்டுக்கும் ஒரே பெயர் தகாது. ‘ஒப்பு’ என்றால் நிகர்த்தல், பொருந்துதல். ஒப்புமை, ஒப்பீடு, வள்ளுவர் அதிகாரமாக்கிய ஒப்புரவு எல்லாம் அந்த வேரின. இணங்குதல் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. இன்று ‘ஒப்புதல்’ என்ற சொல்லில் அதுவே மேலோங்கி, பொருந்துதல் மறைந்துவிட்டது. இழப்பு சிறிதன்று என்பது மேல்முறையீட்டில் தெரியும். பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 375), கீழ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் மட்டுமே மேல்முறையீட்டில் கேட்கலாம் என்கிறது. சொன்னதை மாற்ற இடங்கொடுத்தால் வழக்குகளுக்கு முடிவேது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குற்றச்சாட்டு புரியாமலோ, அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நம்பவைக்கப்பட்டோ சொன்னது இணக்கம் மட்டுமே; உண்மையோடு அது ஒக்கவில்லை. அத்தகையதை ஒப்புதலாக ஏற்க மேல் நீதிமன்றங்கள் மறுத்ததுண்டு. நீதிபதி முன் சொல்வதற்குக் ‘குற்ற ஏற்பு’ என்று தனிப்பெயர் வழங்கலாம். அப்போது மேல்முறையீட்டில் எது எதிர்க்கப்படுகிறது என்பது வாசகருக்கு விளங்கும்.