கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

கடல் மீனைப் பிடித்து உண்பது மனித குலத்தின் மிகப் பழைய தொழில். அம்மீனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடிக்குப் பின்னால் நீந்தவிட்டுப் பார்த்து மகிழ்வதோ நேற்றுத் தோன்றிய பழக்கம் என்றே கூறலாம். உரோமாபுரிச் செல்வர் தம் கடற்கரை மாளிகைகளில் மீன் தடாகங்களை அமைத்திருந்தனர் என்பது உண்மையே. ஆயின், அத்தடாகங்களுள் வாய்க்கால் வழியாகக் கடல்நீர் வந்து போயிற்று. நீரைத் தூய்மையாக வைத்திருந்தது மனிதனன்று, கடலே. கடலின் உதவியின்றிக் கடலுயிரை வளர்க்க மனிதன் கற்றுக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். அவன் அதனைக் கற்ற வரலாறு, பெரும்பகுதி, தொட்டிக்குள் அழையாது நுழைந்த விருந்தாளிகளோடு அவன் நடத்திய போராட்டத்தின் வரலாறாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் இரு பெண்மணிகள் நிற்கின்றனர். ஒருவர் பிரான்சிற் பிறந்து, தையற்கலையால் வாழ்வைத் தொடங்கி, பின்னர் சிசிலித் தீவின் மெசீனா நகரிலே குடியேறிய ஜான் வில்பிரே பவர் அம்மையார். பேய்க்கணவாய் இனத்தைச் சேர்ந்த ஆர்கோனோட்டு என்னும் உயிர் தன் மெல்லிய ஓட்டைத் தானே கட்டுகிறதா, வேறோர் உயிரின் ஓட்டைக் கவர்ந்து கொள்ளுகிறதா என்பது அக்காலத்து அறிஞர்களின் பெருவழக்கு. அதனைத் தீர்க்க அவர் 1832ஆம் ஆண்டளவிற் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்து, அவற்றினுள் அவ்வுயிரை வளர்த்துப் பார்த்தார். ஓட்டை அதுவே ஆக்குகிறது என்பதை நிறுவினார்.

மற்றவர் இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்துக் குரு ஒருவரின் மனைவியாகிய அன்னா தைன் அம்மையார். 1846ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டோர்க்கி என்னும் ஊரிற் சில முருகை உயிர்களைக் கண்டு, அவற்றை இலண்டனுக்குக் கொண்டுபோக விரும்பினார். வழியில் அவை உருண்டு மோதிச் சிதையாதிருக்க, ஊசியும் நூலும் கொண்டு ஒரு பெரிய கடற்பஞ்சிலே அவற்றைத் தைத்துவிட்டார்! இலண்டனிற் கடல்நீருக்கு எங்கே போவது? வருவித்த நீர் குறைந்தபோது, இருந்த நீரையே திறந்த சாளரத்தின் முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுவித்தார். காற்று நீரிலே கலக்கும் பொருட்டு நாடோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் நடந்த இவ்வேலையைச் செய்தவள் வீட்டுப் பணிப்பெண். அவள் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. இன்று மின்விசை இயக்கும் காற்றுக்குழாய் செய்யும் தொழிலை முதலில் ஏற்றவை அவளுடைய கைகளே. அடுத்த ஆண்டில் அம்மையார் உயிருள்ள கடற்பாசியையும் சேர்த்தார். மூன்று ஆண்டளவு அவ்வுயிர்கள் கடலுக்கு வெகு தொலைவில் வாழ்ந்தன.

இவர் அனுபவத்தாற் கண்டதற்குக் காரணங்காட்ட முற்பட்டவர் றொபேட் வாரிங்டன் என்னும் இலண்டன் இரசாயன அறிஞர். 1849இல் அவர் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் நன்னீர் நிரப்பி, இரண்டு தங்கமீன்களையும் வலிஸ்நேரியா என்னும் நீர்ப்பூண்டையும் இட்டார். பூண்டு வெளியிடும் ஒட்சிசனை மீன் சுவாசிக்கும். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பூண்டு ஏற்கும். கணக்குச் சரியாகவே இருந்தது. ஆனாற் சில நாளில் மூத்த இலைகள் அழுகின, பாத்திரத்தின் சுவரிற் பச்சை வழும்பு படர்ந்தது, நீர் கலங்கிற்று. மீனும் பூண்டும் மட்டும் போதா என்பதை உணர்ந்த வாரிங்டன், குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலையும் வழும்பையும் தின்றது, நீர் தெளிந்தது, நத்தையின் முட்டையிலிருந்து வந்த குஞ்சு மீனுக்கு உணவாயிற்று. பீடையை மருந்தால் அழியாது, அதனைத் தின்னும் ஓர் உயிரால் அடக்கும் முறை, தொட்டி வளர்ப்போடு கூடவே பிறந்தது என்பதற்கு இதுவே சான்று. பின்பு, 1852இல், அதே முறையைக் கடல்நீரிலும் கையாண்டார்.

கண்ணாடிமீது விதித்திருந்த வரியை இங்கிலாந்து 1845இல் நீக்கியிருந்தமையால் தொட்டியின் விலை இறங்கிற்று. 1853இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலை மீன் மனையொன்றைத் திறந்தது. அதற்கு உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களுள் ஒருவரான பிலிப் ஹென்றி கொஸ், மறுவருடம் வெளியிட்ட நூலினால் ‘அக்குவேரியம்’ என்ற சொல்லை நாட்டு வழக்கிற் பரப்பினார். கடற்கரைக்குப் போக இயலாதவர்களுக்காக நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவரே கூறினார். அதன்பின் கொஞ்சக் காலம் இங்கிலாந்திலே தொட்டி இல்லாத விறாந்தை நாகரிகமற்றதாகக் கருதப்பட்டது போலும்! கூடையும் உளியுமாகப் பெருங்கூட்டம் கடற்கரைக்குச் சென்றது. கொஸ் தம் மகனோடு நடந்து மகிழ்ந்த பாறைக் குட்டைகள் வெறுமையாயின. அவ்வழிவைத் தந்தையார் நூல்களே தூண்டின என்பதை மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் எழுதிய வாழ்க்கை நூலில் மறைக்காது எழுதினார்.

இவ்வாறு கொண்டுசென்ற உயிர்களுட் பெரும்பாலானவை சில நாளில் மடிந்தன. வெயில் மிகுந்தாற் பாசி தொட்டியை மூடிற்று. ஓர் உயிர் செத்தால் அதன் நஞ்சு மற்றவற்றையும் கொன்றது. வில்லியம் அல்போட் லொயிட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். காட்சித் தொட்டிகளின் நீரைப் போற் பன்மடங்கு நீரை நிலத்தடியில் இருட்டிலே தேக்கி, அதனை ஓயாது சுழலவிட்டார். இருளிற் பாசி வளராதல்லவா? 1864இல் ஹம்பேர்க் நகரிலும், 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் அவர் அமைத்த தொட்டிகள் இம்முறையால் நிலைத்தன. ஆனால் நிலத்தடிக் களஞ்சியம் கட்ட எத்தனை வீட்டுக்காரரால் இயலும்? வீட்டுத் தொட்டிகள் ஒவ்வொன்றாக வறண்டு போயின.

வாரிங்டனின் கணக்கில் விடுபட்ட உறுப்பு ஒன்று இருந்தது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா கொடிய நஞ்சு. அதனைப் பாதிப்பில்லாத நைத்திரேற்று ஆக்குவது பூண்டுமன்று, நத்தையுமன்று. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களே. மண்ணில் நடக்கும் இம்மாற்றம் உயிர்களின் செயலே என்பதை ஷ்லோசிங், மூண்ட்சு என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1877இற் காட்டினர். அது இரண்டு படிகளில் நிகழ்கிறது என்பதை இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் ஆராய்ந்தவர் யார்? அதே வாரிங்டனின் மகன். அவர் பெயரும் றொபேட் வாரிங்டனே. தந்தையின் தொட்டிக்கு வேண்டிய விடையை மகன் வயல் மண்ணிலே தேடிக்கொண்டிருந்தார். 1890ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அப்பற்றீரியாக்களைத் தனித்துப் பிரித்தெடுத்தார்.

இவ்வறிவைச் சிறு தொட்டிக்குள் கொணர்ந்த பெருமையில் ஒரு பங்கு ஆசியர் ஒருவருக்குரியது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் முருகைப் பாறையிலிருந்து உயிருள்ள கற்களையே எடுத்துவந்து தொட்டியில் அடுக்கினார். மெல்லிய காற்றுக் குமிழிகளால் நீரை அசைத்தார். சூரிய ஒளி படவிட்டார். வேறு வடிகட்டி எதுவுமில்லை. கல்லின் துளைகளிற் குடியிருந்த பற்றீரியாக்களே வடிகட்டியாயின. இம்முறையை அவர் 1961இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் விளக்கினார். பின்னர் ஜேர்மனியில், காற்றுக் குமிழியால் நுரை பொங்கச் செய்து அழுக்கை அந்நுரையோடு அகற்றும் கருவி இதனோடு சேர்ந்தது. 1980களில் இது மேனாடெங்கும் பரவிற்று. முன்பு மீன் மட்டும் வாழ்ந்த வீட்டுத் தொட்டியில் முருகையும் வளரலாயிற்று.

கல்லோடு நன்மை வந்தது. அதே கல்லோடு பீடையும் வந்தது. கல்லின் பொந்தில் ஒளிந்திருந்த முட்புழுவும், இரவிலே ‘டக்’ என்று ஓசை எழுப்பி நண்டையும் நத்தையையும் அடித்து நொறுக்கும் மிதியடி இறாலும், முருகையின் மேற்படரும் தட்டைப் புழுவும் மாதக்கணக்கிற் கண்ணிற் படாமலே இருக்கக்கூடும். முட்புழுவைக் கண்டு அஞ்சுவோர் பலர். அவற்றுட் பெரும்பாலானவை மிச்ச உணவைத் தின்னும் தோட்டிகளே என்பதை அறிந்தோர் அவற்றை விட்டுவிடுவர்.

பீடைகளுள் வீட்டுக்காரரை மிகவும் வருத்துவது எயிப்டாசியா என்னும் சிறு கடற்சாமந்தி. கண்ணாடி போன்ற உடலும் மெல்லிய இதழ்களுமாக, முதலிற் காண்போருக்கு அழகாகவே தோன்றும். அதன் உணர்கொம்புகளில் நஞ்சுண்டு. அருகிலுள்ள முருகையை அது கொட்டிக் கொல்லும். கத்தியாற் சுரண்டினாலோ, அடியில் எஞ்சிய சிறு துணுக்குக்கூடப் புதிய உயிராக வளரும். ஒன்றை அழிக்கப் புகுந்து பத்தை உண்டாக்கினோர் பலர். குழைத்த சுண்ணாம்பையோ எலுமிச்சஞ் சாற்றையோ ஊசியால் அதன் வாயிற் செலுத்துவது ஒரு முறை. மற்றது வாரிங்டனின் நத்தை வழி. லைஸ்மாற்றா இனத்து இறாலும், செப்பு நிறப் பட்டைகளும் நீண்ட மூக்குமுடைய வண்ணத்துப்பூச்சி மீனும் அதனைத் தின்னும். ஆனாற் சில வேளை வேறு உயிரையும் கடிக்கும். பேர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தையோ எயிப்டாசியாவையன்றி வேறெதனையும் தொடாது. தொட்டியில் அது தீர்ந்ததும் நத்தை பட்டினியால் மடியும். ஆகவே கருணையுள்ள வளர்ப்பாளர் அதனை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவர். வீட்டுக்காரர் வெறுக்கும் இதே எயிப்டாசியாவை ஆய்வுகூடங்களிற் கவனமாக வளர்க்கின்றனர் என்பது வியப்பன்றோ? முருகையின் உடலிற் போலவே இதன் உடலிலும் நுண்பாசி குடியிருக்கிறது. வெப்பம் மிகுந்தபோது முருகை வெளிறுவதன் காரணத்தை இதனைக் கொண்டு ஆராய்கின்றனர்.

தொட்டி சிறிதாகச் சிறிதாக ஆபத்துப் பெரிதாகும். ஆவியாகும் நீர் உப்பை விட்டுச் செல்வதால், குறைவை நன்னீரால் நிரப்ப வேண்டும். கடல்நீரால் நிரப்பினால் உப்பு ஏறிவிடும். மிகுதியான தீனி பாசிக்கே எருவாகும்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. சுழியோடியும் மீன்களை நன்கறிந்தவருமான ரொட்னி ஜோன்க்ளாஸ், இந்நாட்டு முருகைப் பாறைகளின் அழகு மீன்களைச் சேகரித்து அயல்நாடுகளுக்கு அனுப்பும் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர். இந்து சமுத்திரத்திலும் பசிபிக்கிலும் இயல்பாக வாழும் சிங்கமீனும் உலகெங்கும் இவ்வாறு விற்பனையாவதே. நச்சு முள்ளுடைய அம்மீன், 1985இல் புளோரிடாக் கரையிற் காணப்பட்டது. அந்தக் கடலுக்கு அது அந்நியம். வளர்ப்போர் யாரோ கடலில் விட்டிருத்தல் வேண்டும் என்பதே அறிஞர் கருத்து. கரிபியன் கடலெங்கும் அது பரவி, அங்குள்ள சிறு மீன்களை விழுங்கலாயிற்று.

இதனினும் கூர்மையான பாடம் மொனாக்கோவிலிருந்து வந்தது. அங்குள்ள கடலியல் நூதனசாலையின் கீழே, 1984இல், கோலேர்ப்பா என்னும் வெப்பக்கடற் பாசி ஒரு சதுர மீற்றர் அளவில் வளர்ந்திருந்தது. தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்டு, குளிரையும் தாங்கப் பழகிய பாசி அது. அக்காலத்தில் ஒரு மனிதன் ஒரு காலைப்பொழுதில் அதனைப் பிடுங்கியிருக்கலாம். 1989இல் அது ஒரு ஹெக்டயர் ஆயிற்று. 2000ஆம் ஆண்டளவில் மத்தியதரைக் கடலின் ஆறு நாடுகளின் கரைகளிற் காணப்பட்டது. அலெக்சாந்தர் மெய்னேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் தொடக்கம் முதலே எச்சரித்தார், கேட்டோர் சிலரே. பின்னாளில் பல இடங்களில் அது தானே குன்றிற்று என்பதும் உண்மை.

கலிபோர்ணியாவில் அவ்வாறு காத்திருக்கவில்லை. சன் டியாகோவுக்கு வடக்கேயுள்ள ஒரு களப்பில் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பாசியைச் சுழியோடிகள் கண்டவுடன், அதன்மேற் கறுப்புப் படங்கு விரித்து, உள்ளே குளோரினைச் செலுத்தினர். மறுவருடம் அப்பாசியை விற்பதும் வைத்திருப்பதும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. எழுபது இலட்சம் டொலருக்கு மேற் செலவாகி, 2006இல் அது முற்றாக ஒழிந்தது என அறிவித்தனர். 2021இல் அதே கரையோரத்தில், நியூபோர்ட்டுக் குடாவில், அதன் இனத்துப் பாசி மற்றொன்று தென்பட்டது. சுழியோடிகள் மறுபடியும் நீரில் இறங்கினர்.