மஞ்சள் அரளி நஞ்சும் தொடர் கரித்தூளும்: 2008 ஆய்வு எதை மறுத்தது?

மஞ்சள் அரளி நஞ்சுக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பயனில்லை என்பது முடிந்துபோன விவகாரம் எனப் பலரும் எழுதிவிட்டனர். இலங்கையில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வே அதற்கு ஆதாரம். அந்த ஆய்வின் தரவு தாங்குவதைவிட அதிகமான முடிவு அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அரளியின் கிளைக்கோசைடுகள் டிஜாக்சினைப் போலவே இதயத் தசையின் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை அடைக்கின்றன. வேகஸ் நரம்பின் பிடியையும் இறுக்குகின்றன. அட்ரோபின் அந்தப் பிடியைத் தளர்த்தும். ஐசோபிரினலின் துடிப்பை விரைவாக்கும். ஆனால் கீழறைத் தாளக்கேட்டைத் தூண்டவும் கூடும். இரண்டும் துடிப்பின் எண்ணிக்கையைத்தான் திருத்துகின்றன. பம்ப்பில் ஒட்டிய நஞ்சைத் தொடுவதில்லை. அதைத் தொடுவது டிஜாக்சினுக்கு எதிரான எதிர்பொருள் துண்டான ஃபேப். 2000இல் வெளியான கொழும்பு ஆய்வில் 66 பேர் இடம்பெற்றனர். ஃபேப் பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டே மணி நேரத்தில் இயல்பான தாளம் திரும்பியது. பெறாத 32 பேரில் இருவருக்கு மட்டுமே. ஆனால் ஃபேபின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாதது. ஃபேப் இல்லாத இடத்தில், குடலில் எஞ்சிய நஞ்சை எப்படி வெளியேற்றுவது என்பதே மருந்தியல் கேள்வி.

இங்கேதான் இரு ஆய்வுகள் மோதுகின்றன. 2003இல் வெளியானதில் 401 நோயாளிகள். அனைவருக்கும் இரைப்பை கழுவி, ஒருமுறை கரித்தூளும் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒரு பிரிவினருக்கு மட்டும் 50 கிராம் வீதம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்தார்கள். அப்பிரிவில் இறந்தோர் 5 பேர் (2.5%), மற்றதில் 16 பேர் (8%). 2008 ஆய்வு 4,632 பேரைக் கொண்டது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு வேளை கரித்தூள் பெற்றவர்களில் இறப்பு 6.3%, எதுவும் பெறாதவர்களில் 6.8%. அரளி உண்டவர்களைத் தனியே பார்த்தபோதும் வேறுபாடு தெரியவில்லை.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பின்னதே வெல்லும். ஆனால் அதில் முதல் வேளையிலிருந்து ஆறாவது வேளைவரை இருபது மணி நேரம்தான். 2003 ஆய்வில் மருந்து நீண்டதோ மூன்று நாள். குடலில் மெல்ல உறிஞ்சப்பட்டு, மீண்டும் குடலுக்கே சுரக்கப்படும் நஞ்சுக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல. மேலும் 4,632 பேரில் அரளி உண்டவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் பூச்சிக்கொல்லி குடித்தவர்கள். இன்னொரு சான்றும் உண்டு. அரளி நோயாளிகளின் இரத்தத்தை அளந்து 2006இல் வெளியான ஆய்வு, கரித்தூளானது நஞ்சு உடலில் தங்கும் நேரத்தைக் குறைக்கிறது என்றும், தொடர்ந்து கொடுத்தால் அதன் விளைவு கூடுகிறது என்றும் காட்டியது. கரித்தூள் நஞ்சைப் பிடிக்கத்தான் செய்கிறது. அதைப் போதிய காலம் கொடுத்தோமா என்பதே எஞ்சும் ஐயம். ஆகவே 2008 ஆய்வு மறுத்தது ஒரு நாள் முறையை. மூன்று நாள் முறையை அது சோதிக்கவே இல்லை.

எச்சரிக்கையும் தேவை. 2003 ஆய்வின் இறப்புகள் மொத்தம் 21தான். தற்செயலுக்கு அங்கே இடமுண்டு. அதை வைத்துக் கரித்தூள் உயிர்காக்கும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. நோயாளிகள் குடிக்க மறுப்பார்கள், வாந்தி எடுப்பார்கள் என்ற ஆட்சேபம் மட்டும் வலுவற்றது. 2003 ஆய்வும் அத்தகைய நோயாளிகளிடம்தான் நடந்தது. மயக்கநிலையில் உள்ளவருக்கு மூச்சுக்குழாயைப் பாதுகாக்காமல் கொடுக்கக் கூடாது என்பது எல்லோரும் அறிந்த விதி.

தருமபுரி மாவட்டத்துக்கு இது ஏட்டளவிலான சர்ச்சை அல்ல. சித்தேரி மலையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ ஒருவரைத் தருமபுரிக்குக் கொண்டுவருவதற்குள் பொன்னான நேரம் போய்விடும். வழியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஃபேபும் இல்லை, தற்காலிக பேஸ்மேக்கரும் இல்லை. ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்த கரித்தூளும், இசிஜி தாளில் பி அலைக்கும் கியூஆர்எஸ்ஸுக்கும் இடைவெளி நீள்வதைக் கண்டுகொள்ளும் கண்ணும், கையில் அட்ரோபினும் இருந்தால் அங்கேயே தொடங்கிவிடலாம்.

 மூன்று நாள் முறையை அரளி நோயாளிகளிடம் மட்டும் சோதிக்கும் ஆய்வைத் தருமபுரி, சேலம் மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து நடத்த வேண்டும். அதன் முடிவு வரும்வரை, தொடர் கரித்தூளால் பயனில்லை என்ற வரிக்கு நம் சிகிச்சை வழிகாட்டிகளில் இடம் இருக்கக் கூடாது.