குடல் நரம்பிலிருந்து தூண்டில் இழை வரை

கிட்டாரின் குட்டி போலத் தோன்றும் யுகுலேலே என்னும் இசைக்கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். நான்கு தந்திகள், மெட்டுகள் பதித்த குட்டையான கழுத்து, சிறுவர்கூட எளிதில் அணைத்துப் பிடிக்கக்கூடிய மரப்பெட்டி. இவ்வளவுதான் கருவி. இதன் பழைய தந்திகளைக் கழற்றிப் புதியவற்றைப் பூட்டுவது அரைமணி நேர வேலை. ஆனால் முதன்முறையாகத் தந்தி மாற்றியவர்கள் மறுநாளே ஒரு குறையோடு வருவார்கள். இரவு சரியாகச் சுருதி கூட்டி வைத்த கருவி காலையில் அரைச் சுரம் இறங்கிக் கிடக்கும். மீண்டும் முறுக்கினால் மாலையில் மீண்டும் இறங்கும். முறுக்காணி வழுக்குகிறதோ, முடிச்சு தளர்ந்ததோ, கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்துவிட்டாரோ என்று ஐயம் எழும். பெரும்பாலும் இம்மூன்றும் காரணமல்ல. தந்தி எந்தப் பொருளால் ஆனது என்பதே காரணம்.

அப்பொருள் யுகுலேலேக்கு வந்து சேர்ந்த வழி விந்தையானது. ஏறக்குறைய நூறாண்டுக் காலம் இக்கருவி தனக்கென ஒரு தந்தி இல்லாமல், பிற தொழில்களிடம் இரவல் வாங்கியே ஒலித்து வந்திருக்கிறது.

1879 ஆகஸ்டில் 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் தலைநகரான ஹொனலூலுவை அடைந்தது. அட்லாண்டிக் பெருங்கடலில் போர்ச்சுகலுக்கு உரிய மதெய்ரா தீவிலிருந்து நான்கு மாதக் கடற்பயணம் செய்து, நானூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் வந்திருந்தனர். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய வந்தவர்கள் அவர்கள். மனுவேல் நூனெஸ், அகுஸ்டோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்து என்னும் மூன்று மரத் தச்சர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். இரண்டொரு வாரத்திலேயே, மதெய்ராக்காரர்கள் இரவுதோறும் தெருவில் இசைத்து மக்களை மகிழ்விக்கிறார்கள் என்று உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியது. தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் இத்தச்சர்கள் ஹொனலூலுவில் கடை வைத்தனர். தம் நாட்டு 'மஷெட்' என்னும் சிறு கிட்டாரைத் தழுவி, ஹவாயில் வளரும் கோவா மரத்தில் புதிய கருவியைச் செய்தனர். நாம் யுகுலேலே என்று சொல்வதை ஹவாய் மக்கள் ஊகுலேலே என்பர். துள்ளும் தெள்ளுப்பூச்சி என்பது அதன் பொருள். மெட்டுகளின் மீது வாசிப்பவரின் விரல்கள் ஓடும் வேகத்தைக் கண்டு வைத்த பெயர் என்று சொல்லப்படுகிறது. அரசர் கலாகௌவா இதனை அரண்மனை விருந்துகளில் ஒலிக்கச் செய்தார். பிறகு 1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா–பசிபிக் உலகக் கண்காட்சி, அமெரிக்கா முழுவதையும் இக்கருவியின் பின்னால் அலைய வைத்தது.

அக்காலத்தில் இதில் பூட்டப்பட்டவை பெரும்பாலும் ஆட்டுக்குடல் நரம்புகள். ஆங்கிலத்தில் இவற்றைப் பூனைக்குடல் என்று பொருள்படும் பெயரால் வழங்குவர். பூனைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. யாழின் தந்தியைப் பழந்தமிழ் நூல்கள் 'நரம்பு' என்றே குறிப்பிடுவதை இங்கு நினைவுகூரலாம். நம்முடைய சொல் ஆங்கிலச் சொல்லைவிடப் பொருத்தமானது! செம்மறியாட்டின் சிறுகுடலை எடுத்துக் கொழுப்பும் சதையும் நீக்கி, காரக் கரைசலில் ஊறவைத்து, நாடாக்களாகக் கிழித்து, பல நாடாக்களைச் சேர்த்து முறுக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தி, மெருகிடுவார்கள். இத்தாலியின் மலையூரான சல்லே, ஜெர்மனியின் மார்க்னொய்கிர்ஷென் போன்ற ஊர்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் பேர்போனவை. அவை வயலினுக்காகவும் கிட்டாருக்காகவும் நரம்பு திரித்தன. தோட்டக் கூலிகள் உருவாக்கிய புதிய கருவி அதே நரம்பை வாங்கிக்கொண்டது.

இங்கே சற்று இயற்பியல் பேசவேண்டும். தந்தியின் அதிர்வெண் எவற்றைச் சார்ந்தது என்பதை மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636-இல் வெளியான தம் நூலில் வகுத்துக் காட்டினார். நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரட்டிக்கும். ஓரலகு நீளத்தின் நிறை நான்கு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். வகுப்பில் சுரமானியைக் கொண்டு நீங்கள் சரிபார்த்த அதே விதிகள்தாம்.

யுகுலேலேயின் மிகச் சிறிய வகையில் தந்தியின் அதிரும் நீளம் ஏறக்குறைய 34.5 சென்டிமீட்டர். முதல் தந்தி நொடிக்கு 440 முறை அதிரவேண்டும். 0.65 மில்லிமீட்டர் தடிப்புள்ள நைலான் தந்தியானால் இதற்குச் சுமார் மூன்றரை கிலோகிராம் எடையின் இழுவிசை தேவை. உச்ச சுரத்துக்கு முறுக்கும்போது தந்தி அறுந்துவிடுமோ என்று அஞ்சிச் சிலர் மெல்லிய தந்தி கேட்பர். வேறு சிலர் தடித்த தந்தி கேட்பர். இரண்டாலும் பயன் இல்லை. தந்தியின் குறுக்குப் பரப்பைப் பாதியாக்கினால் நிறை பாதியாகும். அதே சுரத்துக்கு வேண்டிய இழுவிசையும் பாதியாகும். ஆனால் தந்தியின் வலிமையும் பாதியாகிவிடும். குறித்த நீளத்தில் ஒரு தந்தி எந்தச் சுரத்தில் அறும் என்பதைத் தடிப்பு முடிவு செய்வதில்லை. பொருளின் வலிமையும் அடர்த்தியும் மட்டுமே முடிவு செய்கின்றன. ஆகவே தந்தியின் வரலாறு என்பது பொருள்களின் வரலாறே.

குடல் நரம்பின் குரல் இனியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும், விரல் வியர்வையில் நார் நாராகப் பிரியும். கடற்காற்று ஓயாத ஹவாய்க்கு இதைவிடப் பொருந்தாத பொருளை எண்ணிப் பார்ப்பது கடினம். அத்தோடு இதே குடல் நரம்பை டென்னிஸ் மட்டைக்காரர்களும் கேட்டனர். காயத்தைத் தைக்கும் அறுவை மருத்துவர்களும் கேட்டனர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது இசைக்கலைஞர்கள் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டனர். வெட்டுண்ட வயிற்றைத் தைக்கவேண்டிய நரம்பைக் கிட்டாருக்குக் கொடு என்று எப்படிக் கேட்பது?

அதற்குள் வேறோர் இடத்தில் மாற்றுப் பொருள் பிறந்திருந்தது. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலர் நடத்திய ஆய்வின் பயனாக 1935 பிப்ரவரியில் நைலான் உருவானது. மனச்சோர்வு நோயால் நெடுங்காலம் துன்புற்ற அவர், அது கடைக்கு வருமுன்பே, 1937 ஏப்ரலில் தம் 41-ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1938-இல் நைலான் பல்துலக்கியின் மயிராக வெளிவந்தது. 1940 மே மாதம் பெண்களின் காலுறையாக அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. போரின்போது பாராசூட்டாக மாறியது. இசைத் தந்தியாக மாறியது 1940-களில்தான். நியூயார்க்கில் கிட்டார் செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின், புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஆந்திரே செகோவியாவின் ஊக்கத்தோடு நைலான் இழைகளைத் தந்திகளாக்கி வெற்றி கண்டார். கிட்டாருக்கு வந்தது யுகுலேலேக்கும் வர நெடுநாள் ஆகவில்லை. 1949-இல் மாரியோ மக்காஃபெர்ரி பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவு யுகுலேலேகளை வெளியிட்டார். தொலைக்காட்சி நட்சத்திரம் ஆர்தர் காட்ஃப்ரி அவற்றைப் புகழவே, இலட்சக்கணக்கில் விற்றன. இப்படி வீடுதோறும் போகும் கருவிக்கு மலிவான, அழுகாத தந்தி தேவைப்பட்டது. நைலான் அதற்குச் சரியாகப் பொருந்தியது.

அழுகாத தந்திதான் வேண்டுமென்றால் எஃகுக் கம்பியைக் கட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நம் வீணையும் தம்பூராவும் உலோகத் தந்திகளில்தானே ஒலிக்கின்றன! கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃகின் அடர்த்தி நைலானைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. அதே தடிப்பில் எஃகைப் பூட்டினால் அதே சுரத்துக்கு ஏழு மடங்கு இழுவிசை வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து நூறு கிலோகிராமை நெருங்கும். இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள மேற்பலகை குதிரையோடு பெயர்ந்து வந்துவிடும். கால் மில்லிமீட்டர் மெல்லிய கம்பியானால் இழுவிசை நைலானின் அளவுக்கே இறங்கும் என்பது உண்மை. ஆனால் அப்போது வேறொரு தொல்லை முளைக்கிறது. எஃகு நீளாது. தளர்ந்த நிலையிலிருந்து முழுச் சுரத்துக்கு வர, முழு நீளத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டாலே போதும். பழைய யுகுலேலேயின் முறுக்காணி பற்சக்கரம் இல்லாத வெறும் மர ஆணி. அதை ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்கு திருப்பினாலே தந்தி அவ்வளவு தூரம் நகர்ந்துவிடும். எந்த விரலால் அவ்வளவு நுட்பமாகச் சுருதி சேர்ப்பது? தம்பூராவில் குதிரைக்குக் கீழே தந்தியில் மணி கோத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நுண்மையாகச் சுருதி சேர்க்க அந்த மணி இருக்கிறது. யுகுலேலேக்கு மணி இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு கொடுக்கும் நைலான்தான் அந்த மர ஆணிக்கு ஏற்ற துணை.

நீண்டு கொடுக்கும் அதே குணம்தான் மறுநாள் காலையில் தொல்லையாக வருகிறது. நைலான் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். இழுத்துக் கட்டியவுடன் அச்சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுகத் தொடங்குகின்றன. தந்தியின் இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் இந்த வழுகலின் விளைவு இழுவிசைக் குறைவாக வெளிப்படும். அரைச் சுரம் இறங்க இழுவிசை நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைந்தாலே போதும். இந்த வழுகல் நேர்கோட்டில் நடப்பதில்லை. முதல் ஒரு மணியிலிருந்து பத்தாவது மணி வரை நிகழும் நீட்சி, பத்தாவது மணியிலிருந்து நூறாவது மணி வரை நிகழ்வதற்கு ஏறத்தாழச் சமம். அதனால்தான் முதல் நாள் ஓயாமல் முறுக்கவேண்டியிருக்கிறது. நான்காம் நாள் காலையில் ஒருமுறை தொட்டால் போதுமாகிறது.

நைலானுக்கு மற்றொரு குறையும் உண்டு. அதன் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 1.14 கிராம், குடல் நரம்போ சுமார் 1.3 கிராம். எடை குறைந்த பொருளைத் தாழ்ந்த சுரத்துக்குக் கொண்டுவரத் தடிப்பைக் கூட்டவேண்டும். நொடிக்கு 262 முறை அதிரும் மூன்றாம் தந்தி, முதல் தந்தியின் இழுவிசையிலேயே நிற்பதானால் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். தடித்த தந்தி வளைந்து கொடுக்க மறுப்பதால் அதன் மேற்சுரங்கள் மங்கி, குரல் மொத்தையாகக் கேட்கும். யுகுலேலே வாசிப்பவர்கள் மூன்றாம் தந்தியைக் குறை சொல்வதன் காரணம் இதுவே.

இதற்கான மாற்று, இம்முறை மீன்பிடிப்பவர்களிடமிருந்து வந்தது. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் ஃபுளோரின் கலந்த பாலிமரில் தூண்டில் இழை செய்தது. நீரில் எளிதில் புலப்படாதது, நீரை உறிஞ்சாதது என்பவை மீனவருக்கு வேண்டிய குணங்கள். இசைக்கு வேண்டியிருந்ததோ அதன் அடர்த்தி: 1.78 கிராம். நைலானைவிட ஐந்தில் ஒரு பங்கு மெல்லிய தந்தியில் அதே சுரமும் அதே இழுவிசையும் கிடைக்கின்றன; குரலும் தெளிகிறது. ஃபுளோரோகார்பன் என்ற பெயரில் இன்று விற்பவை இவையே. நைலான் தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல்கூட நீரை உறிஞ்சவல்லது என்பதை எண்ணினால், கடலோர ஊர்களில் இருப்போர் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவு ஆகாது என்பது என் கருத்து.

வேறொரு திசையில் நடந்தவர்கள் இத்தாலியின் விசென்சா நகரத்து அக்கீலா நிறுவனத்தார். 1990-களில் அவர்கள் வெளியிட்ட 'நைல்கட்' என்னும் செயற்கைத் தந்தியின் அடர்த்தி, வேண்டுமென்றே ஆட்டுக்குடலின் அடர்த்தியாக அமைக்கப்பட்டது. பழைய இசைக்கருவிகளுக்காகச் செய்யப்பட்ட அது யுகுலேலேக்காரர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. தூய வெண்மை நிறத்தைக் கொண்டே அதனை அடையாளம் காணலாம்.

இனித் தந்தி மாற்றும்போது செய்யவேண்டியது சில வரிகளில் அடங்கும். நான்கையும் ஒருங்கே அவிழ்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றினால், எந்தத் தந்தி எந்த ஆணிக்கு உரியது என்ற குழப்பம் வராது. குதிரையில் முடிச்சை இறுக்கியபின் ஆணியில் இரண்டு மூன்று சுற்றுகள் மட்டும் வருமாறு விட்டு மிச்சத்தை நறுக்கலாம். ஆனால் நறுக்குவதை மூன்று நாள் தள்ளிப்போடுவது நல்லது. தந்தியை நடுவில் பிடித்து மெல்லத் தூக்கி விட்டுச் சுருதி சேர்ப்பதைச் சிலமுறை செய்தால் வழுகலின் முதற்பகுதி விரைவில் கழியும். கழற்றிய பழைய தந்தியை எறியுமுன் அதன் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். மெட்டுகள் கடித்த பள்ளங்கள் வரிசையாகத் தட்டுப்படும். அந்தப் பள்ளங்களில் நிறை குறைந்து, தந்தி நெடுகிலும் ஒரே சீராக இல்லாமற் போயிருக்கும். அதனால்தான் பழைய தந்தி எவ்வளவு முறுக்கினாலும் மேல் மெட்டுகளில் சுருதி சேர மறுத்தது.