மனைவியின் கடவுச்சீட்டு: பெக்கான் நானாஸ் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் தொழிலாளர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கங்காணி முறை, கூலி, கள்ளுக்கடை, தொழிற்சங்கம் ஆகியவை பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளன. கணவனுடன் வாழ்வதற்கென்றே கடல் கடந்து வந்த பெண்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சிலவே. கெர்னியல் சிங் சாந்து 1969-இல் வெளியிட்ட பெருநூலிலும் சரி, எஸ். அரசரத்தினம் 1970-இல் வெளியிட்ட நூலிலும் சரி, இப்பெண்கள் பெரும்பாலும் ஆண், பெண் விகிதக் கணக்குகளின் ஓர் உறுப்பாகவே தோன்றுகின்றனர். 'மனைவி' என்ற சொல்லுக்கு எல்லையில் நின்ற அரசு காலந்தோறும் என்ன பொருள் கொண்டது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

பெக்கான் நானாஸ் ஜோகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் கெச்சிலுக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர். 'அன்னாசி நகரம்' என்பதே பெயரின் பொருள். நீர் தேங்கிய சதுப்பு மண்ணில் அன்னாசி செழித்ததால் வந்த பெயர் இது. ஊரில் சீனரே மிகுதி. தமிழரைத் தேட வேண்டிய இடம் சுற்றுவட்டாரத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களும், அவற்றிலிருந்து பெயர்ந்தோர் குடியேறிய வீடமைப்புப் பகுதிகளுமாகும். இவ்வூரை இன்று நாளிதழ் வாசகர் அன்னாசியைக் கொண்டு அறிவதில்லை. குடிநுழைவுத் தடுப்பு முகாமைக் கொண்டே அறிகின்றனர். இப்பொருளை எழுத இவ்வூரைத் தெரிந்துகொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் ஒரு முரணைச் சுட்ட வேண்டும். 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தையொட்டி வந்த விதிகள், மனைவியின்றித் தனியே கப்பலேறும் ஆடவரின் விகிதத்துக்கு ஒரு வரம்பு விதித்தன. அவ்வரம்பிலிருந்து மலாயாவுக்கு விலக்களிக்கப்பட்டது. தோட்ட முதலாளிகளுக்குத் தேவைப்பட்டவை கைகளே, குடும்பங்கள் அல்ல. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, மலாயா இந்தியருள் ஆயிரம் ஆடவருக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. 'மனைவியை விட்டு வந்தவன்' என்று பிற்காலத்தில் குறை கூறப்பட்டவனை, அவ்வாறு விட்டு வரத் தூண்டியதே அன்றைய ஆட்சிமுறைதான். இதனை மறந்துவிட்டுப் பின்வந்த சட்டங்களைப் படிப்பது பொருந்தாது.

1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. அடுத்து ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் கடிதப் போக்குவரத்தும் நின்றது. போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, ஊர் சென்று மணம் முடித்துத் திரும்புவோரும், அவர்களைத் தொடர்ந்து வரும் மனைவியரும், அழைத்து வரப்பட்ட உறவினரும் பயணிகளிடையே இடம்பெற்றனர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று சென்ற 'ராஜுலா' கப்பல் இத்தலைமுறையின் நினைவில் ஓர் ஊரைப் போலவே நிலைத்திருக்கிறது.

இவ்வாறு வந்த மூதாட்டி ஒருவரைப் பெக்கான் நானாஸ் அருகே நாம் சந்தித்தோம். பிஸ்கட் டின் ஒன்றில் அவர் காத்து வைத்திருந்தவை மூன்று: இந்தியக் கடவுச்சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, மங்கிப்போன திருமண நிழற்படம். 1955-இல் ஊரில் திருமணம். கணவர் ஆறு மாதத்தில் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். இவர் 1958-இல் சிங்கப்பூரில் இறங்கிப் பாலம் கடந்து ஜோகூர் வந்து சேர்ந்தார். கணவரின் தம்பிக்கு இவருக்கு முன்பே, 1953-இல், திருமணம் ஆகியிருந்தது. அத்தம்பி மறு ஆண்டே மலாயா திரும்பியவர். பெற்றோருக்கும் தங்கையின் திருமணத்துக்கும் பணம் அனுப்பியதில் மனைவிக்கான கப்பல் கூலி சேரவில்லை. "அடுத்த வருசம் அடுத்த வருசம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சட்டம் வந்திருச்சு" என்றார் மூதாட்டி. அந்த ஓரகத்தி வரவே இல்லை.

மூதாட்டி 'சட்டம்' என்று குறித்தது 1959-ஆம் ஆண்டுக் குடிநுழைவுத் திருத்தத்தை. 1953 ஆகஸ்டு முதல் நடைமுறையிலிருந்த 1952-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய தொழிலாளர் வருகையை ஏறத்தாழ நிறுத்திவிட்டிருந்தது. எனினும் இங்கு வசிப்போரின் மனைவி மக்களுக்கு வழி இருந்தது. 1959-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியையும் குறுக்கியது. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவியர் நுழைய இயலாது என்றாயிற்று. ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளின் வருகைக்கும் தடை வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், 1954 இறுதியிலிருந்து கணவரைக் காணாத ஒரு பெண்ணுக்கு 1959 டிசம்பரோடு கதவு மூடிவிடுகிறது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இருவருள் பின்னர் மணந்தவர் உள்ளே வந்தார். முன்னர் மணந்தவர் வெளியே நின்றார்.

இங்கு நாம் கருத வேண்டியது, பிரிவுக்கு இருதரப்பாரும் கொண்ட பொருளாகும். தமிழ்க் குடும்ப வழக்கில் பொருள்வயிற் பிரிவு மணவாழ்வின் ஒரு பகுதி. சங்கப் பாடல்களே அதற்குத் தனித் துறை வகுத்திருக்கின்றன. கணவன் பணம் அனுப்புகிறான், மனைவி அவன் பெற்றோரைப் பேணுகிறாள் என்றால் அது முறிந்த மணம் அன்று; நடந்துகொண்டிருக்கும் மணம். சட்டமோ ஐந்தாண்டுப் பிரிவை உறவு தளர்ந்ததற்கான சான்றாக எடுத்துக்கொண்டது. பிரிவைத் தூண்டி ஊதியச் செலவைக் குறைத்துக்கொண்ட ஓர் அமைப்பு, பின்னர் அப்பிரிவையே குற்றமாக்கியது என்பது நம் கருத்து. புதிய நாடு தன் மக்கள்தொகையை வரையறுக்க விழைந்ததன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை, அளவுகோலைத்தான் மறுக்கிறோம்.

உள்ளே வந்த பெண்ணின் நிலையும் எளிதாக இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 15(1)ஆம் விதி, குடிமகன் ஒருவரின் மனைவிக்குப் பதிவு மூலம் குடியுரிமை பெறும் உரிமையை அளித்தது. 1962 அக்டோபருக்குப் பின்னான மணங்களுக்கு விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டாண்டு வசிப்பும், நிரந்தரமாக வாழும் எண்ணமும் வேண்டப்பட்டன. தாராளமான விதிதான், ஆனால் அது முழுவதும் 'கணவர் குடிமகன்' என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறது. தோட்டத் தமிழருள் பலர் 1957-ஐயொட்டிய ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. ஊர் திரும்பும் எண்ணம் சிலருக்கு, எழுத்தறிவின்மை சிலருக்கு, எடுத்துச் சொல்ல ஆளில்லாமை பலருக்கு. மூதாட்டியின் கணவரும் சிவப்பு அட்டையோடு இருந்துவிட்டார். ஆகவே மனைவிக்கும் அதே நிறம்.

1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், குடிமக்கள் அல்லாதோருக்கு 1969 முதல் வேலை அனுமதி கட்டாயமாயிற்று. பல்லாயிரம் இந்தியர் நாடு திரும்பினர். கொழுந்தனார் 1970-இல் கப்பலேறினார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மனைவியைக் கண்டார். மூதாட்டியின் கணவருக்கு அனுமதி கிடைத்தது. அண்ணனும் தம்பியும் அதன்பின் சந்திக்கவில்லை.

ஜோகூர்த் தமிழருக்கு இன்னோர் எல்லையும் உண்டு. 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட பாலத்தைப் பல்லாண்டுகள் கடவுச்சீட்டின்றியே கடந்தனர். சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் கணவர், ஜோகூரில் மனைவி என்ற குடும்பங்களுக்கு அது வெளிநாடாகத் தோன்றியதில்லை. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967-இல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. யாரும் இடம் பெயரவில்லை. மனைவியர் மட்டும் அயல்நாட்டவர் ஆயினர்.

திருமணத்தை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது என்பது மற்றொரு சிக்கல். முஸ்லிம் அல்லாதோரின் மணப்பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய வழக்கமுறை மணங்களை அச்சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலர் கேட்பது தாளைத்தான், தாலியை அன்று. மூதாட்டி அந்நிழற்படத்தை டின்னில் வைத்திருப்பது அழகுக்காக இல்லை. கணவர் மறைந்தபின் 15(1)ஆம் விதி அவருக்குப் பயன்படாது. எஞ்சியது மலாய்மொழி அறிவை வேண்டும் இயல்புரிமைப் பதிவு. அறுபது வயது கடந்த சிவப்பு அட்டை இந்தியருக்கு மொழித் தேர்வில் தளர்வு தரப்படும் என்று 2018-இல் அரசு அறிவித்தபோது, அவருக்காக விண்ணப்பம் எழுத வீட்டில் ஆளில்லை.

இதுவரை கண்டது கணவனை நோக்கி வந்த மனைவி. திசை மாறினால் சட்டமும் மாறுகிறது. மலேசியக் குடிமகளை மணந்த அயல்நாட்டு ஆடவருக்கு 15(1)ஆம் விதியைப் போன்ற ஒன்று அரசியலமைப்பில் இல்லை. பெண் கணவனின் நாட்டைச் சேர்வாள் என்ற முடிபு அதன் அடியில் உள்ளது. தோட்டத்து மணங்களைக் காலனிய அலுவலர் நோக்கிய கண்ணும் இதுவே. பாலின அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் சொல் 2001-இல் 8(2)ஆம் விதியில் சேர்க்கப்பட்டும் இந்நிலை மாறவில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழிக் குடியுரிமை கோரி, சுரியானி கெம்பே உள்ளிட்ட தாய்மார் தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பர் 9-இல் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் அதனை மாற்றியது. 2024 அக்டோபர் 17-இல் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் தாய்மாருக்கும் அவ்வுரிமையை வழங்குகிறது. அதே திருத்தம் குடிமக்களின் அயல்நாட்டு மனைவியருக்கு மலாய்மொழித் தகுதியைச் சேர்த்துள்ளமையைப் பலர் கவனிக்கவில்லை. அயல்நாட்டுக் கணவரைப் பற்றி அதில் ஏதும் இல்லை.

மூதாட்டியின் பேத்தி சிங்கப்பூரில் பணியாற்றுகிறார். தஞ்சாவூர் மாவட்டத்துப் பொறியாளர் ஒருவரை மணந்தவர். குழந்தை சிங்கப்பூரில், திருத்தத்துக்கு முன்னர் பிறந்தது. திருத்தம் முன்தேதியிட்டுச் செல்லாது. ஆகவே அக்குழந்தைக்கு 15(2)ஆம் விதியின்கீழ் விண்ணப்பமே வழி. நாம் சென்றிருந்தபோது அவ்விண்ணப்பத்தின் நகல் பிஸ்கட் டின்னுக்கு அருகே மேசைமேல் இருந்தது. அதில் தாயின் பெற்றோர் விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்த பேத்தி, பாட்டியின் ஊர்ப் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறு எழுதுவதா, பாட்டி சொல்கிறவாறு எழுதுவதா என்று எம்மைக் கேட்டார்.