சோதனைச் சாவடிகள் பார்க்காத சில்லுகள்

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்றுகொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் ஒன்று கொத்மலை, கெரண்டி எல்ல பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நான்கு மாதங்கள் கழிவதற்குள், செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்களைச் சுற்றுலா ஏற்றிச் சென்று திரும்பிய தனியார் பஸ் ஒன்று எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் பாய்ந்தது. பதினைந்து பேர் மாண்டனர். ஒன்று அரசாங்கத்தின் பஸ். மற்றையது தனியாரின் பஸ். இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் அதற்கு வருவேன்.

இச்செய்திகளைப் படித்தபோது எனக்குத் துயரத்தோடு ஒரு குற்ற உணர்வும் ஏற்பட்டது. பல்லாண்டு காலம் பத்திரிகை அலுவலகத்தின் செய்தி மேசையில் இருந்தவன் நான். பொலிஸ் நிலையங்களிலிருந்து தொலைபேசி வழியாக வரும் விபத்துச் செய்திகளை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வீதியை விட்டு விலகி..." என்பது எமக்கு மனப்பாடமான வாக்கியம். "சாரதி கைது செய்யப்பட்டுள்ளார். பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்" என்று முடித்தால் செய்தி நிறைவுபெற்றுவிடும். அந்தச் சாரதி எத்தனை மணி நேரம் நித்திரையின்றி ஓடினார், அந்தப் பஸ்ஸின் பிரேக்கை கடைசியாக யார் எப்போது பார்த்தார் என்ற கேள்விகளை நாங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கேள்விகளை யார் கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு இந்நாட்டில் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

பஸ்கள் இலங்கைக்கு வந்த ஆரம்ப காலத்தில் அவற்றை ஓட்டியவர்கள் தனி மனிதர்கள். ஒருவரிடம் ஒரு வண்டி. அவரே முதலாளி, சில வேளைகளில் அவரே சாரதி. வடக்கில் லொறியின் அடிச்சட்டத்தின் மீது மரத்தால் கூடு கட்டிய தட்டிவான்கள் ஓடின. மனிதரும் மரக்கறி மூட்டைகளும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போயினர். கொடிகாமம் - பருத்தித்துறை வீதியில் தட்டிவானில் பயணித்த எமது தலைமுறையினர் அதனை இன்றும் அன்போடு நினைவுகூர்வர். ஆனால் அன்பு வேறு, பாதுகாப்பு வேறு. ஒரே வீதியில் பல முதலாளிகள் ஓடிய இடங்களில் பயணிகளுக்காகப் போட்டி மூண்டது. முந்துவதும் மறிப்பதும் தரிப்பிடங்களில் கைகலப்பதும் வழமையாயின.

பிரித்தானியாவிலும் இதே நோய் இருந்தது. அங்கு 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு மருந்து தேடியது. பயணிகள் வண்டிகளுக்குத் தகுதிச் சான்றிதழ், சாரதிக்கும் நடத்துனருக்கும் தனியான அனுமதிப்பத்திரம், சேவைகளுக்கு அனுமதி வழங்கப் போக்குவரத்து ஆணையாளர்கள் என மூன்று ஏற்பாடுகளை அது செய்தது. அதனினும் முக்கியமானது, ஒரு சாரதி தொடர்ச்சியாக ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேலும், 24 மணித்தியாலத்தில் மொத்தமாகப் பதினொரு மணித்தியாலத்துக்கு மேலும் ஓட்டக்கூடாது என்று அச்சட்டம் விதித்தமையாகும். களைத்த மனிதன் பழுதான இயந்திரத்துக்கு ஒப்பானவன் என்பதை அது ஏற்றுக்கொண்டது.

இலங்கையில் 1938ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் பஸ் சேவை அனுமதிக் கட்டளைச் சட்டமும் தொடர்ந்து வந்தன. பின்னையது ஒரு வீதியில் சேவை நடத்தும் உரிமையைத் தனியொரு நிறுவனத்துக்கு வழங்கும் வழியைத் திறந்தது. சுதந்திரத்தின் பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நிறைவேறியது. பல திருத்தங்களோடு இன்றுவரை நடைமுறையில் இருப்பது இச்சட்டமே. பஸ்ஸோ லொறியோ ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு முன்னர் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியின் அடிப்படை இங்கேதான் உள்ளது.

வாகனங்களின் ஒழுங்கைக் காக்கவேண்டிய சட்டம் அடுத்த சில ஆண்டுகளில் இன அரசியலின் களமாகியதுதான் எமது நாட்டின் துயரம். 1957 ஜனவரி முதல் வாகனங்களின் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டது. தமிழ் மக்கள் அதனை எதிர்த்தனர். அதே வேளை, பண்டாரநாயக்க அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளைச் சுவீகரித்து, 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபையை ஆரம்பித்தது. அச்சபையின் புதிய பஸ்கள் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது, அவ்வெழுத்தின் மீது தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் நாடு தீப்பற்றி எரிந்தது.

இந்த வரலாற்றைத் தமிழ் வாசகர்கள் அறிவர். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அதன் ஓரத்தில் கிடக்கும் ஓர் உண்மையை மட்டுமே. அரச பஸ் ஒன்று முதன்முதலாக யாழ்ப்பாணம் வந்தபோது, நாடு முழுவதும் அதன் இலக்கத் தகட்டைப் பார்த்தது. பார்க்கவேண்டிய நியாயம் எமக்கு இருந்தது. அந்த எழுத்து ஒரு சமூகத்தை இரண்டாந்தரமாக்கியது. ஆனால் அன்று தொடங்கிய ஒரு பழக்கம் பின்னர் விடவேயில்லை. இந்நாட்டில் ஒரு வாகனத்தை மறித்துப் பார்ப்பது என்றால், அது யாருடையது, யாரை ஏற்றி வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதாகவே பொருள்பட்டது. அது பாதுகாப்பாக ஓடுமா என்பது கடைசிக் கேள்வியாயிற்று.

போக்குவரத்துச் சபையின் ஆரம்ப காலத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. லண்டனில் ஓடித் தேய்ந்த இரட்டைத்தட்டு பஸ்களைக்கூட வாங்கி ஓட்டிய சபை அது. எனினும் ஒவ்வொரு சாலையிலும் பொறியியலாளரும் தொழிலாளரும் இருந்தனர். வெரஹெரவில் பெரிய வேலைத்தளம் இருந்தது. கோண்டாவில் சாலையில் பணியாற்றிய முதியவர் ஒருவர், இரவில் சாலைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பற்றிச் சாரதி குறைப்புத்தகத்தில் எழுதி வைப்பார் என்றும், அதனைத் தீர்க்காமல் காலையில் வண்டியை வெளியே விட்டால் தமக்கு ஏச்சு விழும் என்றும் என்னிடம் கூறியிருக்கிறார். மாதச் சம்பளம் பெற்ற சாரதிக்கு முன்னால் போகும் பஸ்ஸை முந்தவேண்டிய தேவை இருக்கவில்லை. அரசியல்வாதிகளின் சிபாரிசில் ஆட்கள் நிரப்பப்பட்டதும், உதிரிப்பாகங்கள் இல்லாமல் பஸ்கள் சாலைகளில் முடங்கியதும் இதன் மறுபக்கமாகும்.

1979இல் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது. ஒருவரிடம் ஒரு பஸ் என்ற பழைய நிலை திரும்பியது. முதலாளிக்கு நாளாந்தம் ஒரு தொகையைக் கட்டிவிட்டு, அல்லது வசூலில் பங்கு பெற்று, சாரதியும் நடத்துனரும் பிழைக்கும் முறை பரவியது. அந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பயணியும் ஒரு நாணயம். முன்னால் செல்லும் பஸ் அந்த நாணயத்தைப் பொறுக்கிச் செல்லும் எதிரி. 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டு, மாகாணங்களுக்கு இடையிலான சேவைகளுக்கு அனுமதி வழங்கத் தொடங்கியது. 1997இல் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்கான சட்டம் வந்தது. சாரதியின் கண்ணும் காதும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்பட்டன. ஆயினும் சாரதி நேற்றிரவு உறங்கினாரா என்பதை எந்த மருத்துவச் சான்றிதழும் சொல்வதில்லை.

இவற்றுக்கிடையே யுத்தம் வந்தது. உலகில் எமது பஸ்களையும் லொறிகளையும் போல் மறித்துச் சோதிக்கப்பட்ட வாகனங்கள் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. பஸ்களில் குண்டுகள் வெடித்த காலம் அது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. அந்தச் சோதனைகளின் பெயரால் தமிழர் பட்ட அவமானமும் உண்மை. பயணிகள் இறக்கப்பட்டனர். பொதிகள் அவிழ்க்கப்பட்டன. லொறியிலிருந்த மூட்டைகள் ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றப்பட்டன. அடித்தட்டின் கீழ் கண்ணாடி பிடித்துப் பார்த்தார்கள். அந்தக் கண்ணாடியில் தேய்ந்த டயரும் ஒழுகும் பிரேக் எண்ணெயும் தெரிந்திருக்கும். ஆனால் அவற்றைத் தேடும்படி அந்தச் சிப்பாய்க்கு யாரும் கட்டளையிட்டிருக்கவில்லை.

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், கொழும்பிலிருந்து தனியார் பஸ் ஒன்றில் யாழ்ப்பாணம் புறப்பட்டேன். நித்திரை வராததால் சாரதிக்குப் பின்னாலிருந்த ஆசனத்தில் விழித்திருந்தேன். அநுராதபுரத்தைத் தாண்டியதும் பஸ் மெல்ல மெல்ல வலப்பக்கம் சரிவதைக் கண்டேன். நடத்துனர் சாரதியின் தோளில் அறைந்தார். எதிரே வந்த லொறியின் ஒலி எங்கள் காதை உரசிச் சென்றது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர் உறங்கிக்கொண்டிருந்தனர். தேநீர்க் கடையில் நிறுத்தியபோது சாரதியிடம் பேசினேன்.

"அண்ணை, முந்தநாள் பின்னேரம் வெளிக்கிட்டனான். நேற்றுக் காலமை கொழும்பு. பகல் பஸ்ஸுக்குள்ளதான் படுத்தனான். அந்த வெக்கைக்குள்ள ஆருக்கு நித்திரை வரும்? ஓடமாட்டன் எண்டு சொன்னால், ஓட இன்னும் பத்துப்பேர் நிக்கிறாங்கள்" என்றார்.

விடிந்ததும் ஓமந்தையில் அனைவரும் இறங்கி வரிசையில் நின்றோம். அடையாள அட்டைகள் பார்க்கப்பட்டன. அப்பால் விடுதலைப் புலிகளின் சாவடியில் மீண்டும் இறங்கினோம். அங்கும் பொதிகள் பார்க்கப்பட்டன, வரி அறவிடப்பட்டது. வன்னியில் அவர்களது காவல்துறையினர் வேகமாக ஓடும் வாகனங்களை மறித்துத் தண்டம் விதித்தமையை ஏ-9 வீதியில் பயணித்தவர்கள் அறிவர்; அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முகமாலையில் மீண்டும் இராணுவச் சோதனை. இரண்டு அதிகாரங்கள், மூன்று சாவடிகள். இரண்டாவது இரவாகக் கண் மூடாத அந்த மனிதனின் அட்டையை எல்லோரும் பார்த்தார்கள். அவரது கண்களை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் ஊர் போய்ச் சேர்ந்து சமாதானப் பேச்சுவார்த்தைகளைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். சாரதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2005 ஏப்ரல் 27ஆம் திகதி, பொல்கஹவெலவுக்கு அருகே யாங்கல்மோதர கடவையில் தனியார் பஸ் ஒன்றின் மீது ரயில் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். வேறொரு பஸ்ஸை முந்தும் அவசரத்தில், மூடப்பட்ட கடவையைக் கடக்க முயன்றதே காரணம் எனக் கூறப்பட்டது. நாடு அதிர்ந்தது. சில வாரங்கள் வீதியெங்கும் பொலிஸார் பஸ்களை மறித்தனர். பின்னர் பழையபடியே ஆயிற்று. 1979இல் வித்திட்ட போட்டியின் அறுவடை அது என்று எழுதியவர்கள் சிலரே.

ஐரோப்பாவில் லொறி ஓட்டும் என் நண்பரின் மகன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன்னர் விடுமுறையில் வந்திருந்தான். அங்கு நாலரை மணித்தியாலம் ஓட்டினால் முக்கால் மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டும். சாதாரணமாக நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலமே ஓட்டலாம். வண்டியிலுள்ள பதிவுக் கருவி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். வீதியில் மறிக்கும் அதிகாரி சாரதியின் அட்டையை வாசித்தால் கடந்த வாரங்களின் கதை முழுவதும் தெரிந்துவிடும். "மாமா, அங்க மெசின் நில் எண்டால் நான் நிக்கவேணும். முதலாளி சொன்னாலும் ஓடேலாது" என்றான். முதலாளிக்குச் சொல்ல முடியாத 'இல்லை'யை அவனுக்காக ஓர் இயந்திரம் சொல்கிறது. இதே கருவியை எழுபதுகளில் பிரித்தானியச் சாரதிகள் 'வண்டிக்குள் இருக்கும் ஒற்றன்' என்று கூறி எதிர்த்தனர். 1979இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்நாடு அதனைக் கட்டாயமாக்க இணங்கியது. அன்று ஒற்றனாகத் தோன்றியது இன்று சாரதியின் சாட்சியாக நிற்கிறது.

பாதுகாப்புப் பரிசோதனை என்பது மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும்: வண்டியை, சாரதியை, சாரதியை ஓடவைக்கும் ஏற்பாட்டை. தகுதிச் சான்றிதழ் முதலாவதை ஆண்டுக்கு ஒரு தடவை பார்க்கிறது. அந்த ஒரு நாளுக்காக நல்ல டயர்களை இரவல் வாங்கிப் பூட்டி, மறுநாள் கழற்றிக் கொடுக்கும் கதைகளை வாகனக்காரர்களிடம் நிறையவே கேட்டிருக்கிறேன். இரண்டாவதை மருத்துவ நிறுவகம் அனுமதிப்பத்திரத்துக்காகப் பார்க்கிறது. மூன்றாவதை வீதியோரம் நிற்கும் பொலிஸ்காரரால் காணமுடியாது. நாளாந்தக் கட்டுப்பணமும் உறங்க இடமின்மையும் பஸ்ஸின் அடித்தட்டில் ஒளிந்திருப்பவையல்ல.

கட்டுரையின் தொடக்கத்தில் அரச பஸ், தனியார் பஸ் என்ற வேறுபாட்டைக் குறிப்பிட்டேன். 1958இல் அரசுடைமை மருந்தாகக் காட்டப்பட்டது. 1979இல் தனியார்மயம் மருந்தாகக் காட்டப்பட்டது. 2025இல் இரண்டுமே பள்ளத்தில் கிடந்தன. உரிமையாளரை மாற்றிப் பார்த்தோம், எழுத்தை மாற்றிப் பார்த்தோம், பெயர்ப்பலகையை மாற்றிப் பார்த்தோம். சாரதி உறங்கும் நேரத்தை மட்டும் எவரும் கணக்கெடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த பின்னர் சாவடிகள் அகற்றப்பட்டன. இப்போது இரவு பஸ்கள் எங்கும் நிற்காமல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகின்றன. அந்தச் சாவடிகள் திரும்பி வரக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் ஏ-9 வீதியில் எங்காவது ஓரிடத்தில், சாரதியை இறக்கி, அடையாள அட்டையைக் கேளாமல், "தம்பி, கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்?" என்று கேட்கும் ஓர் அதிகாரி நிற்பாரானால், அந்த ஒரு மறிப்புக்காக எத்தனை மணித்தியாலம் வேண்டுமானாலும் பஸ்ஸில் காத்திருக்க நான் ஆயத்தமாயிருக்கிறேன்.