அனுப்பியவருக்கே திருப்பி: ஒரு போராட்ட முறையின் வரலாறு

பிளாஸ்டிக் எதிர்ப்பு என்றால் கடற்கரையில் குப்பை பொறுக்குவதும் பேரணி போவதும்தான் நினைவுக்கு வரும். உற்பத்தி செய்தவர் வாசலிலேயே குப்பையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு முறை. ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் அதைப் பற்றி இங்கே அதிகம் பேசப்பட்டதில்லை.

தொடக்கம் பிளாஸ்டிக்கில் அல்ல, கண்ணாடியில். 1971 மே மாதம் ‘பிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்’ அமைப்பினர் சுமார் 1,500 காலி பாட்டில்களை லண்டனில் ஷ்வெப்ஸ் குளிர்பான நிறுவனத்தின் அலுவலக வாசலில் அடுக்கினர். காலி பாட்டிலை இனித் திரும்ப வாங்குவதில்லை என்று நிறுவனம் எடுத்த முடிவுக்கு எதிர்ப்பு அது. நிறுவனம் மசியவில்லை, படங்கள் மட்டும் நாளிதழ்களில் வந்தன. ஆனாலும் வாதத்தின் திசை வாங்குபவரிடமிருந்து தயாரிப்பாளரை நோக்கி மாறியது. குப்பை போடுபவர்தான் குற்றவாளி என்று அமெரிக்காவில் 1953 முதல் பரப்பிவந்த ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ அமைப்பைத் தொடங்கியவர்களில் பான, பொட்டல நிறுவனங்களே முக்கியமானவை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்த முறைக்கு வெற்றி கிடைத்தது. 1987-இல் சூழல் செயற்பாட்டாளர் லோயிஸ் கிப்ஸின் அமைப்பு மெக்டொனால்ட்ஸின் தெர்மாகோல் பர்கர் பெட்டிகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கியது. சாப்பிட்டு முடித்த பெட்டிகளைப் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் தலைமையகத்துக்குத் தபாலில் அனுப்பினர். 1990 நவம்பரில் நிறுவனம் காகித உறைக்கு மாறுவதாக அறிவித்தது. மாற்றுப்பொருள் கைவசம் இருந்ததால் விட்டுக்கொடுப்பது எளிதாயிற்று என்பது என் கருத்து.

சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு பிளாஸ்டிக் உறைகளுக்கு அப்படிச் சுலபமான மாற்று இல்லை. திருப்பி அனுப்ப, குப்பை யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். 2017-இல் மணிலா வளைகுடாவின் ஃப்ரீடம் தீவில் தன்னார்வலர்கள் 54,260 பிளாஸ்டிக் துண்டுகளைப் பொறுக்கி, எது எந்த நிறுவனத்துடையது என்று கணக்கெடுத்தனர். நெஸ்லே, யூனிலீவர் பெயர்கள் பட்டியலின் உச்சியில் வந்தன. அடுத்த ஆண்டு பிரிட்டனில் வாக்கர்ஸ் சிப்ஸ் பாக்கெட்டுகளைத் தபால்தலைகூட ஒட்டாமல் அந்நிறுவனத்துக்கே பலர் அனுப்பினர். கவரில் போட்டாவது அனுப்புங்கள் என்று கெஞ்சும் நிலைக்கு ராயல் மெயில் வந்தது. டிசம்பரில் பாக்கெட்டுகளைத் திரும்பச் சேகரிக்கும் திட்டம் வந்தது, பாக்கெட் மாறவில்லை.

அதே 2018-இல் தூத்துக்குடி சுப்பையா வித்யாலயம் பெண்கள் பள்ளி மாணவிகள் 20,000-க்கும் மேற்பட்ட தின்பண்ட உறைகளைச் சேர்த்து, நிறுவனவாரியாகப் பிரித்து, அந்தந்த நிறுவனத்துக்கே அனுப்பினார்கள். கூடவே ஒரு கடிதம்: ருசியும் தரமும் பிடித்திருக்கின்றன, உறைதான் பிடிக்கவில்லை. கோபத்தைவிட இந்த மரியாதையான தொனிக்குப் பதில் சொல்வது நிறுவனங்களுக்குக் கடினம்.

மாணவிகள் தேர்ந்த இலக்கு கூர்மையானது. 2018 ஜூனில் அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தமிழகத்தின் பிளாஸ்டிக் தடை, கடைக்காரரின் கேரி பேக்கைத் தடுத்தது. ஆலையிலேயே அடைத்து வரும் உறைக்கு விலக்கு அளித்தது. அண்ணாச்சி கடையில் அபராதம் விழுந்தது, அதே கடையில் சரம்சரமாகத் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கு ஒன்றுமில்லை. சிறு வணிகர்களின் புகாரும் மாணவிகளின் கடிதமும் சுட்டிய இடம் ஒன்றே. 2020 ஜூன் 5 அரசாணை அந்த விலக்கை நீக்கியது. மாணவிகளால்தான் நீங்கியது என்பது மிகை. ஆணை வந்த பிறகும் பாக்கெட்டுகள் கடைகளை விட்டுப் போகவில்லை.